பழைய காரின் ஹீற் மீற்றர் பொய் சொல்கிறதா? பிழையைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியில், இரண்டு பக்கமும் காடாக இருக்கிற இடத்தில் ஹீற் மீற்றரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் அதற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். இஞ்சின் உண்மையிலேயே கொதிக்கிறது. அல்லது மீற்றரோ அதன் வயரோ சென்சரோ பொய் சொல்கிறது. முதலாவதைப் பொய் என்று நினைத்து ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளையும், காஸ்கட் போகும். இரண்டாவதை உண்மை என்று நம்பினால் ரேடியேற்றர், வோட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் என்று நல்ல சாமான்களை ஒவ்வொன்றாக மாற்றிக் காசு கரையும். முள் ஏறாமலே கிடப்பது மூன்றாவது வகை. அதைப் பலர் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் மிக ஆபத்தானது அதுதான்.

இங்கே சொல்லப்படுவது 1970களில் இருந்து 1990களின் நடுப்பகுதி வரை வந்த, இன்னும் வன்னி வீதிகளில் ஓடுகிற கொரொல்லா, சன்னி, லான்சர் கார்களுக்கும் டவுன்ஏஸ், லைட்ஏஸ் வான்களுக்கும் பொருந்தும். ஒஸ்ரின், மொறிஸ் போன்ற அதற்கு முந்திய பிரித்தானியக் கார்களில் வேறுபடும் இடங்களைத் தனியாகக் குறித்திருக்கிறோம். வேலையின் ஒழுங்கு முக்கியம்: முதலில் உண்மைச் சூடு, பிறகு சென்சரின் வயர், பிறகு ஏர்த் (மின்சாரம் இரும்பு வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் பாதை), அதன் பிறகு சென்சர். டாஷ்போட்டைக் கழற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

மீற்றர் வேலை செய்யும் விதம்

சுற்று மிக எளியது. பற்றரியில் இருந்து பியூஸ், திறப்புச் சுவிட்ச் வழியாக மின்சாரம் மீற்றருக்கு வருகிறது. மீற்றரில் இருந்து ஒரே ஒரு வயர் இஞ்சினில் உள்ள சென்சருக்குப் போகிறது. சென்சரின் பித்தளை உடலும் அதன் மரையும் இஞ்சினைத் தொட்டு நிற்பதால் அங்கேயே ஏர்த் கிடைத்துச் சுற்று பூர்த்தியாகிறது. சென்சருக்குள் இருப்பது சூடு கூடக் கூடத் தடை குறைகிற ஒரு சிறிய வில்லை. தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும், முள் ஏறும். இந்த ஒரு வரியை மனதில் வைத்திருந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். வயர் அறுந்தால் தடை முடிவில்லாதது, ஆகவே முள் கீழே கிடக்கும். வயர் பொடியில், அதாவது காரின் இரும்பு உடலில், உரசினால் தடை பூச்சியம், ஆகவே முள் மேலே ஓடிவிடும்.

மீற்றரில் இரண்டு வகை உண்டு. பழையவற்றில் ஈருலோகத் தகடு ஒன்றில் கம்பி சுற்றியிருக்கும். மின்சாரம் தகட்டைச் சூடாக்கி வளைப்பதால் முள் மெல்ல மெல்ல ஏறும். இந்த வகைக்குப் பற்றரி வோல்ட் ஏறி இறங்கினால் கணக்குப் பிழைக்கும் என்பதால் ஒரு சிறிய வோல்டேஜ் ரெகுலேற்றர் சேர்த்திருப்பார்கள். அதே ரெகுலேற்றர்தான் பெற்றோல் மீற்றருக்கும் மின்சாரம் கொடுக்கும். பிந்தியவற்றில் குறுக்குச் சுருள்கள் கொண்ட காந்த மீற்றர் இருக்கும். அதன் முள் சட்டென்று அசையும், பெரும்பாலும் ரெகுலேற்றர் தேவையில்லை, ஆனால் மீற்றருக்கென்று தனி ஏர்த் வயர் கட்டாயம். திறப்பைத் திருப்பியதும் பெற்றோல் முள் எப்படி எழும்புகிறது என்று பாருங்கள். ஆறுதலாக எழும்பினால் முதல் வகை, துள்ளி எழும்பினால் இரண்டாவது.

கையில் இருக்க வேண்டியவை

ஓம் அளக்கக்கூடிய சாதாரண டிஜிற்றல் மல்டிமீற்றர் ஒன்று. கார் பார்க்கிங் லைற்றுக்குப் போடும் 12 வோல்ட் 5 வாட் பல்ப் ஒன்றும் அதில் பற்றவைத்த இரண்டு வயரும். சென்சருக்குப் பொருந்தும் ஆழமான சொக்கற். 0 முதல் 110 பாகை செல்சியஸ் வரை காட்டும் சமையல் வெப்பமானி (காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 42 பாகையோடு முடிந்துவிடும், அதைச் சுடுதண்ணீரில் வைத்தால் உடையும்). 22, 47, 68, 220 ஓம் ரெசிஸ்டர்கள், ஒவ்வொன்றும் 2 வாட்டுக்குக் குறையாமல். கால் வாட் ரெசிஸ்டர் புகைத்துவிடும். தொடாமலே தூரத்தில் இருந்து சூடு அளக்கும் லேசர் வெப்பமானி இருந்தால் வேலை பாதியாகும், இல்லாவிட்டாலும் செய்யலாம்.

முதலில் உண்மைச் சூடு

இதைச் செய்யாமல் ஒரு வயரையும் தொட வேண்டாம்.

காலையில் இஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். சூடான இஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. 0.9 பார் அமுக்கம் தாங்கும் மூடியின் கீழ் தண்ணீர் ஏறக்குறைய 118 பாகையில்தான் கொதிக்கும். 105 பாகையில் இருக்கிற தண்ணீர் மூடி திறந்த கணத்தில் கொதித்துப் பொங்கி நீராவியோடு முகத்தில் அடிக்கும். மட்டம் குறைவாக இருந்தால் நிரப்புங்கள். தண்ணீர் குறைந்து சென்சரின் நுனி காற்றில் நின்றால், இஞ்சின் எரிந்துகொண்டிருந்தாலும் முள் கீழே இறங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஏறிய முள் காரணமில்லாமல் சட்டென்று கீழே விழுந்தால் மகிழ்ச்சி அடையாமல் உடனே ஓரமாக நிறுத்துங்கள். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் போயிருக்கலாம்.

பிறகு மூடியைப் போட்டு இஞ்சினை ஸ்ராட் செய்து, மேல் ஹோஸைக் கையால் தொட்டுக்கொண்டிருங்கள். தெர்மோஸ்டாட் என்பது இஞ்சின் சூடான பிறகுதான் தண்ணீரை ரேடியேற்றருக்கு விடும் அடைப்பான்; அது திறக்கும்வரை மேல் ஹோஸ் இளஞ்சூடாகவே இருக்கும். 82 அல்லது 88 பாகை என்று தெர்மோஸ்டாட்டின் தகட்டில் பொறித்திருக்கும் அளவுக்கு வந்ததும் சில விநாடிகளில் ஹோஸ் கை வைக்க முடியாத சூட்டுக்கு வரும். முள் அந்த நேரத்தில் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நல்ல மீற்றரில் அது நடுவுக்குச் சற்றுக் கீழே அல்லது நடுவில் இருக்கும். இதுதான் உங்கள் காருக்கான முதலாவது நம்பகமான புள்ளி.

லேசர் வெப்பமானி வைத்திருப்பவர்கள் தெர்மோஸ்டாட் கூட்டின் மீது அளக்கலாம். பளபளக்கும் அலுமினியத்தில் அது மிகக் குறைவாகக் காட்டும். ஆகவே ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் ரேப்பை ஒட்டி அதன் மேல் அளவுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீரைவிடச் சில பாகை குறைவாகத்தான் வெளியே தெரியும்.

85க்கும் 95க்கும் இடையில் அளவு நின்று, முள் மட்டும் சிவப்பில் இருந்தால் மீற்றர்ச் சுற்றில்தான் பிழை. அளவு 105ஐத் தாண்டினால் மீற்றர் உண்மை சொல்கிறது. அங்கே வேறு வேலை இருக்கிறது. சூடடிப்புக் காலம் முடிந்த கையோடு ஹீற் ஏறத் தொடங்கிய வாகனமென்றால் முதலில் ரேடியேற்றரின் முன்பக்கத்தைப் பாருங்கள். வயல் வீதிகளில் பறக்கும் வைக்கோல் தூசும் பதரும் இறகுகளுக்கிடையே அடைந்திருக்கும். இஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, அமுக்கம் குறைந்த தண்ணீரால் கழுவ வேண்டும். பிறகு விசிறி, பெல்ட், மூடி, பம்ப் என்று போகலாம். அது வேறு கட்டுரைக்கு உரியது.

பிழையே இல்லாத ஒரு விடயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஏ9 வீதியில் முறிகண்டியில் நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு வந்து திறப்பைத் திருப்பினால் முள் முன்பைவிட மேலே நிற்கும். இஞ்சின் நின்றதும் பம்பும் நிற்கிறது, இரும்பில் இருந்த சூடு அசையாத தண்ணீருக்குள் இறங்குகிறது, அவ்வளவுதான். ஸ்ராட் செய்து ஓரிரு நிமிடத்தில் பழைய இடத்துக்கு இறங்கினால் யாரிடமும் காட்டத் தேவையில்லை.

முள் காட்டும் குறிகள்

முள் அசையவே இல்லை, பெற்றோல் முள்ளும் அசையவில்லை: பியூஸ், ரெகுலேற்றர் அல்லது மீற்றர் தொகுதிக்கு வரும் மின்சாரம். சென்சரைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

முள் அசையவில்லை, பெற்றோல் மீற்றர் சரி: சென்சர், அதன் வயர், அல்லது அந்த மீற்றர் மட்டும்.

குளிர்ந்த இஞ்சினில் திறப்பைத் திருப்பியதுமே முள் சூட்டைக் குறிக்கும் எச் எழுத்துக்கு ஓடுகிறது: வயர் எங்கோ பொடியைத் தொடுகிறது, அல்லது சென்சர் உள்ளே சோட்டாகிவிட்டது.

ஹீற், பெற்றோல் இரண்டு முள்ளும் ஒன்றாகக் கூடக் காட்டுகின்றன: ரெகுலேற்றர் அல்லது அதன் ஏர்த்.

ஹெட்லைற் போட்டால், சிக்னல் போட்டால் முள் ஆடுகிறது: ஏர்த். ஏறக்குறைய எப்போதும் ஏர்த்.

ஓடும்போது முள் கீழே, நின்றால் நடுவுக்கு வருகிறது: இது மீற்றர்ப் பிழை இல்லை. தெர்மோஸ்டாட் திறந்தபடி இறுகிவிட்டது, அல்லது யாரோ அதைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். சூட்டு ஊருக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்று கழற்றும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியது. வைகாசியில் சோளகம் அனலாக வீசினாலும் இஞ்சினுக்கு 80 பாகைக்கு மேல் தேவை. குளிராக ஓடும் இஞ்சினில் ஒயில் கெட்டு, பெற்றோல் கூடக் குடிக்கும். பல டொயோட்டா இஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். தெர்மோஸ்டாட்டே இல்லாவிட்டால் தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேற்றருக்குப் போகாமலே சுற்றிச் சுற்றி வரும். சூட்டைக் குறைக்கக் கழற்றியவருக்கு ஏற்றத்தில் சூடு கூடுவது இப்படித்தான்.

சரியான சென்சரைக் கண்டுபிடித்தல்

1980களுக்குப் பிந்திய இஞ்சின்களில் தெர்மோஸ்டாட் கூட்டைச் சுற்றி மூன்று சாமான்கள் வரை செருகியிருக்கும். ஒற்றை வயர், பித்தளை உடல், தடித்த ஆணி போன்ற முனை என்றால் அது பெரும்பாலும் மீற்றர் சென்சர். இரண்டு வயர், பிளாஸ்ரிக் சொக்கற் என்றால் அது இன்ஜெக்ஷன் கம்பியூட்டருக்கானது. மற்றது மின்விசிறியைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச். அதுவும் ஒற்றை வயராக இருக்கலாம் என்பதால் குழப்பம் வரும். ஓம் அளந்தால் தெளிவாகும்: மீற்றர் சென்சர் குளிரில் சில நூறு ஓமும் சூட்டில் சில பத்து ஓமும் காட்டும். கம்பியூட்டர் சென்சர் 20 பாகையில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 பாகையில் 200 முதல் 400 ஓம் வரையும். விசிறிச் சுவிட்ச் பூச்சியம் அல்லது முடிவிலி, இடையில் ஒன்றும் இல்லை.

அதனால் மரை பொருந்துகிறது என்பதற்காக ஒரு சென்சரைப் பூட்டக் கூடாது. ஜப்பானிய இஞ்சின்களில் எட்டில் ஒரு அங்குலக் கூம்பு மரை பொதுவானது. ஒரே மரையில் வேறு வேறு ஓம் கொண்டவை கடையில் கிடைக்கும். தவறானது பூட்டப்பட்டால் எல்லாம் வேலை செய்யும், அளவு மட்டும் எப்போதும் பிழையாக இருக்கும். கண்டுபிடிக்க மிகக் கடினமான பிழை அதுதான்.

வயரைக் கழற்றிச் செய்யும் சோதனை

சுற்றை நடுவில் வெட்டி, பிழை எந்தப் பக்கம் என்று சொல்லும் சோதனை இது. இஞ்சின் நின்றிருக்க வேண்டும், திறப்பு மட்டும் ஒன் நிலையில். மின்விசிறி உள்ள கார்களில் திறப்பு ஒன் இல் இருக்கும்போது விசிறி தானாகச் சுழலத் தொடங்கலாம், கையைத் தள்ளி வையுங்கள்.

1. சென்சரில் இருந்து வயரைக் கழற்றி, ஒன்றையும் தொடாமல் தொங்க விடுங்கள். முள் குளிரைக் குறிக்கும் சி எழுத்துக்கு இறங்க வேண்டும். ஈருலோக மீற்றரென்றால் அரை நிமிடம் பொறுங்கள். இறங்காமல் மேலேயே நின்றால் வயர் இடையில் பொடியைத் தொடுகிறது, அல்லது மீற்றர் பழுது.

2. அந்த வயர் முனையில் மல்டிமீற்றரை வைத்து பொடிக்கு வோல்ட் அளவுங்கள். பற்றரி வோல்ட்டோ, ரெகுலேற்றர் உள்ள காரென்றால் அதைவிடக் குறைவான, துடிக்கின்ற ஒரு வோல்ட்டோ வர வேண்டும். பூச்சியமென்றால் மீற்றர் பக்கத்தில் எங்கோ அறுந்திருக்கிறது.

3. 5 வாட் பல்பின் ஒரு வயரை அந்த முனையிலும் மற்றதை இஞ்சினின் சுத்தமான இரும்பிலும் தொடுங்கள். பல்ப் மங்கலாக எரியலாம், எரியாமலும் இருக்கலாம். முள் எச் பக்கம் ஏற வேண்டும். வயரை நேரடியாக பொடியில் தொட்டும் பார்க்கலாம் என்றாலும் முள் ஏறத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். ஈருலோக மீற்றரில் நீண்ட நேரம் வைத்திருந்தால் உள்ளே இருக்கும் சுருள் கருகும், அல்லது தகடு நிரந்தரமாக வளைந்துவிடும். நல்ல மீற்றரைச் சோதனையிலேயே கொல்வது இப்படித்தான் நடக்கிறது.

4. முள் ஏறினால் மீற்றர், வயர், பியூஸ் எல்லாம் நலம். பிழை சென்சரில் அல்லது அதன் ஏர்த்தில். ஏறாவிட்டால் சென்சரை விட்டுவிட்டு வயருக்கும் மீற்றருக்கும் போங்கள்.

5. ஏறினால் போதாது, சரியாக ஏறுகிறதா என்று அறிய பல்புக்குப் பதில் ரெசிஸ்டர்களை வைத்துப் பாருங்கள். பல பழைய ஜப்பானிய மீற்றர்களில் 220 ஓமில் முள் சி எழுத்துக்கு அருகிலும், 68 ஓமில் நடுப்பகுதியிலும், 22 ஓமில் எச்சுக்கு அருகிலும் நிற்கும். உங்கள் காரில் சற்று மாறலாம். தடை குறையக் குறைய முள் ஒழுங்காக ஏறுவதுதான் பார்க்க வேண்டியது.

ஏர்த்

சென்சரைக் கடையில் வாங்க முன், சென்சரின் பித்தளை உடலில் இருந்து பற்றரியின் நெகட்டிவ் முனைக்கு ஒரு வயரைத் தற்காலிகமாகப் பிடியுங்கள். இதுவரை கிடந்த முள் எழும்பினால் சென்சர் குற்றமற்றது. மரையில் சுற்றிய வெள்ளை ரேப்பே முதல் சந்தேக நபர். கூம்பு மரை தண்ணீரைத் தானாகவே அடைக்கும்; ரேப் தேவையென்றால் ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம். பூட்டிய பிறகு சென்சர் உடலுக்கும் இஞ்சினுக்கும் இடையே ஓம் அளந்தால் ஒன்றுக்குக் குறைவாக வர வேண்டும்.

அடுத்தது இஞ்சினுக்கும் பொடிக்கும் இடையிலான பட்டை வயர். ஹெட்லைற்றைப் போட்டுக்கொண்டு, இஞ்சின் இரும்பில் ஒரு முனையும் பற்றரி நெகட்டிவில் மறு முனையுமாக வோல்ட் அளவுங்கள். 0.1 வோல்ட் வரை பரவாயில்லை. 0.3, 0.4 என்று வந்தால் பட்டையைக் கழற்றி, இரண்டு முனையையும் வெள்ளி தெரியும்வரை தேய்த்து இறுக்குங்கள். முல்லைத்தீவு, கொக்கிளாய்க் கரையோரத்தில் நிற்கும் வாகனங்களில் உப்புக் காற்று இந்தப் பட்டையை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். வெளியே பார்த்தால் நல்லதாகத் தெரியும்.

சென்சரைச் சுடுதண்ணீரில் அளத்தல்

வன்னி கடல் மட்டத்தில் இருந்து அதிக உயரத்தில் இல்லை என்பதால் கொதிக்கும் தண்ணீர் என்றால் 100 பாகைதான். காசில்லாமல் கிடைக்கும் திருத்தமான அளவுகோல் இது.

கழற்றிய சென்சரின் நுனி மட்டும் தண்ணீருக்குள் இருக்கும்படி ஒரு கம்பியில் தொங்க விடுங்கள். மேலே உள்ள ஆணி நனையக் கூடாது, நுனி பாத்திரத்தின் அடியைத் தொடவும் கூடாது. ஒரு முனை ஆணியில், மற்றது பித்தளை உடலில். 50 பாகையில் தொடங்கி ஒவ்வொரு 10 பாகைக்கும் ஓமை எழுதி வாருங்கள். பல பழைய ஜப்பானியச் சென்சர்களில் 50 பாகையில் 150 முதல் 250 வரையும், கொதிநிலையில் 25 முதல் 50 வரையும் வரும். எண்ணைவிட அது இறங்கும் விதம் முக்கியம்: தொடர்ந்து இறங்க வேண்டும். ஓரிடத்தில் நின்றால், துள்ளினால், சென்சரை லேசாகத் தட்டும்போது மாறினால் அது குப்பைக்கு. முடிவிலி காட்டினாலும் அப்படியே.

நுனியில் வெள்ளைப் படை இருந்தால் எறிய முன் வினாகிரியில் ஒரு மணித்தியாலம் ஊறப் போட்டு, மென்மையான தூரிகையால் தேய்த்து மீண்டும் அளவுங்கள். வன்னிக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் சவர். கேத்தலின் அடியில் படியும் அதே சுண்ணாம்புதான் சென்சரின் நுனியிலும் படிகிறது. படை தடித்தால் சூடு உள்ளே போகத் தாமதமாகும், முள் நேரம் பிந்திக் குறைவாகக் காட்டும். இதற்கு மருந்து சென்சரை மாற்றுவதில்லை. கிணற்றுத் தண்ணீரை நிறுத்துவது. கூலன்ட்டும் பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீரும் சரிக்குச் சரி. கையில் வேறு எதுவும் இல்லாவிட்டால் சுத்தமாகப் பிடித்த மழைத் தண்ணீர்.

வயர்

மூன்றாம் படியில் முள் ஏறவில்லை என்றால் பற்றரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, சென்சர் முனையில் இருந்து மீற்றரின் பின்பக்க முனை வரை ஓம் அளவுங்கள். ஒன்றுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வயரை இரண்டு முனையிலும் கழற்றிய நிலையில் பொடிக்கு அளந்தால் முடிவிலி வர வேண்டும். அளக்கும்போது ஒருவர் வயர்க் கட்டை அசைத்துக்கொண்டே இருக்கட்டும்.

பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. சென்சருக்கு மேலுள்ள கடைசி நான்கு விரல் நீளம்: சூட்டில் தோல் வெடித்து, செம்பு பச்சையாகி, உள்ளே நூலளவுதான் மிச்சமிருக்கும். அடுத்து புகைக்குழாய்க்கு அருகே போகும் இடம். மூன்றாவது இஞ்சின் அறைக்கும் டாஷ்போட்டுக்கும் இடையிலான தகட்டு ஓட்டை. ரப்பர் வளையம் போய்விட்டால் தகடு வயரை அறுக்கும். நெல் மூட்டைக்குப் பக்கத்தில் கார் நிற்கும் வீட்டில் எலியையும் கணக்கில் எடுங்கள்.

இங்குள்ள பழைய கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1990களின் எரிபொருள் தடைக் காலத்தில் பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய வாகனங்களில் கிடைத்த வயரால் ஒட்டுப்போட்டதுதான் வழி. நிறம் மாறி மாறிப் போகும் வயரை நம்பி எதையும் வெட்ட வேண்டாம். முறுக்கி ரேப் சுற்றிய ஒட்டுகளைக் கண்டால் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஒட்டு இருந்தால் புது வயரைச் சென்சரில் இருந்து மீற்றர் வரை ஒரே ஓட்டமாக இழுப்பது நேரம் மிச்சம்.

மீற்றரும் ரெகுலேற்றரும்

இங்கே வந்து சேர்பவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். மீற்றர்த் தொகுதியைக் கழற்றினால் முதலில் பின்பக்கத்துச் செப்புத் தாள் சுற்றைப் பாருங்கள். மீற்றரைப் பிடிக்கும் சிறிய நட்டுகள் தளர்ந்திருப்பதும் அவற்றின் கீழே துரு ஏறியிருப்பதும் சாதாரணம். அந்த நட்டுகள்தான் மின் தொடர்பும்கூட. பென்சில் அழிறப்பரால் செம்பைத் தேய்த்து இறுக்கினாலே பாதி மீற்றர்கள் உயிர்க்கும். காந்த மீற்றரென்றால் மின்சாரம், ஏர்த், சென்சர் என்று மூன்று முனைகளும் ஒழுங்கா என்று அளவுங்கள். ஏர்த் போனால் முள் நினைத்த இடத்தில் நிற்கும்.

பழைய ரெகுலேற்றர் தொடர்ச்சியாக வோல்ட் கொடுப்பதில்லை. திறந்து மூடித் திறந்து மூடி, சராசரியாக ஒரு அளவைத் தரும்: ஸ்மித்ஸ் நிறுவனத்தின் மீற்றர் உள்ள பிரித்தானியக் கார்களில் 10 வோல்ட், ஜப்பானியவற்றில் பெரும்பாலும் 7, 8 வோல்ட் அளவில். டிஜிற்றல் மல்டிமீற்றரில் எண் தாவிக்கொண்டே இருப்பது பிழை இல்லை. தாவாமல் 12 வோல்ட்டிலேயே நின்றால்தான் பிழை. அப்போதுதான் ஹீற் முள்ளும் பெற்றோல் முள்ளும் சேர்ந்து கூடக் காட்டும். ஸ்மித்ஸ் வகைக்கு உரியது கிடைக்காவிட்டால் ரேடியோ திருத்தும் கடைகளில் கிடைக்கும் 7810 என்ற மூன்று கால் ஐசியைப் போடலாம். எழுத்துப் பக்கம் உங்களைப் பார்க்க, இடது கால் உள்ளே வரும் மின்சாரம், நடுக்கால் ஏர்த், வலது கால் மீற்றருக்கு. உள்ளே வரும் பக்கம் 0.33 மைக்ரோபரட், வெளியே போகும் பக்கம் 0.1 மைக்ரோபரட் கப்பாசிற்றர் சேர்த்து, ஐசியின் உலோக முதுகைப் பொடியில் திருகிவிடுங்கள். சூடும் போகும், ஏர்த்தும் கிடைக்கும். பற்றரியின் பொசிட்டிவ் முனை பொடியில் பூட்டப்பட்ட மிகப் பழைய பிரித்தானியக் காரென்றால் இது பொருந்தாது. அங்கே 7910 வேண்டும், கால்களின் ஒழுங்கும் வேறு, முதுகும் ஏர்த் இல்லை என்பதால் இன்சுலேஷன் தகடு வைத்துத்தான் திருக வேண்டும்.

வயரே இல்லாத மீற்றர்

1950களின் பல பிரித்தானியக் கார்களில் மீற்றருக்கும் இஞ்சினுக்கும் இடையே போவது வயர் இல்லை, முடி போன்ற துளை கொண்ட செப்புக் குழாய். நுனியிலுள்ள குமிழில் அடைத்த திரவம் சூட்டில் ஆவியாகி, அதன் அமுக்கம் முள்ளைத் தள்ளும். மேலே சொன்ன மின் சோதனை எதுவும் இதற்குப் பொருந்தாது. குமிழைக் கொதிதண்ணீரில் விடுங்கள். முள் 212 பாரன்ஹீட்டைக் காட்டினால் நல்லது, அசையாவிட்டால் குழாய் எங்கோ வெடித்து உள்ளிருந்தது போய்விட்டது. வெடித்த இடத்தைப் பற்றவைப்பதால் பயனில்லை. அதோடு உள்ளே இருப்பது பெரும்பாலும் ஈதர், நெருப்பைக் கண்டால் பற்றும். நீளம் கூடிய குழாயை வெட்டாமல் பெரிய வளையமாகச் சுற்றி வையுங்கள்.

புதுச் சென்சரைப் பூட்டும்போது

ஆறிய இஞ்சினில் ரேடியேற்றர் மூடியைத் திறந்து, அடி அடைப்பான் வழியாக ஒன்றிரண்டு லீற்றர் தண்ணீரை வாளியில் பிடியுங்கள். சென்சர் இருக்கும் உயரத்துக்குக் கீழே மட்டம் வந்தால் போதும். கூம்பு மரையைக் கையால் பூட்டி, சொக்கற்றால் இறுக்கம் தெரிந்த பிறகு அரைச் சுற்றுக்கு மேல் போக வேண்டாம். அலுமினியக் கூடு பிளந்துவிடும். ஸ்மித்ஸ் சென்சரின் நேர் மரைக்குப் புதுச் செம்பு வாசர் போடுங்கள்.

பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். இதை விட்டதால்தான் புதுச் சென்சரும் பழையதைப் போலவே ஆடுகிறது என்று பலர் திரும்பிக் கடைக்குப் போகிறார்கள். காரின் முன்பக்கத்தைச் சற்று மேடான இடத்தில் நிறுத்தி, ஹீற்றர் இருந்தால் அதை முழுச் சூட்டில் வைத்து, இஞ்சின் குளிராக இருக்கும்போதே மூடி இல்லாமல் ஸ்ராட் செய்து, மேல் ஹோஸை இடைக்கிடை பிசைந்து விடுங்கள். குமிழிகள் வந்துகொண்டிருக்கும்வரை நிரப்புங்கள். தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் ஒருமுறை சட்டென்று இறங்கும். அதையும் நிரப்பிய பிறகு மூடுங்கள். இஞ்சின் முழுவதும் ஆறிய பின் மூடியைத் திறந்து மீண்டும் ஸ்ராட் செய்யும்போதும் குமிழிகள் தொடர்ந்து வந்தால் அது பெரும்பாலும் காற்று இல்லை, ஹெட் காஸ்கட் வழியாக வரும் வாயு.

1990களின் பல மீற்றர்கள் 75 பாகையில் இருந்து 100 பாகைக்கு மேல் வரை முள்ளை நடுவிலேயே அசையாமல் வைத்திருக்கும்படி செய்யப்பட்டவை. அப்படியான காரில் முள் நடுவை விட்டு ஏறத் தொடங்கினாலே இஞ்சின் ஏற்கனவே கூடிய சூட்டில் இருக்கிறது. துணுக்காய், நெடுங்கேணிப் பக்கம் ஆளரவமற்ற வீதிகளில் அடிக்கடி ஓடுபவர்கள் இரண்டாவது மீற்றர் ஒன்றை மேல் ஹோஸில் இணைப்புத் துண்டு போட்டுப் பூட்டிக்கொள்வது நல்லது. துண்டின் இரண்டு பக்கமும் ரப்பர் என்பதால் அதற்கு ஏர்த் தானாகக் கிடைக்காது. துண்டில் இருந்து இஞ்சினுக்கு ஒரு தனி வயர் இழுக்காவிட்டால் புது மீற்றரும் முதல் நாளே சியில் படுத்துவிடும்.